இங்கிலாந்து றொபின்சன்

இல்லை மிருணாளினி, வெள்ளிவிழா மலரிலை என்ரை படம் வேண்டாம். கழகத்துக்கு இருபத்தைஞ்சு வருசமெண்டால் போடுறதுக்கு வேறை ஆக்கள் இல்லையே? தேத்தண்ணியைக் குடியுங்கோ தங்கச்சி, ஆறப்போகுது.

இங்கிலாந்து வீரரெண்டோ எழுதி வைச்சிருக்கிறியள்? ஐயோ, அதை வெட்டுங்கோ. பத்து வயதிலை லண்டனுக்குப் போனனான். ஞாயிற்றுக்கிழமையிலை பார்க்குகளிலை புட்போல், மிட்பீல்ட் விளையாடினனான். அவ்வளவுதான். கலியாணம் கட்டி இஞ்சை வந்தாப்போலை லாச்சப்பல் கடைத்தெருத் தமிழ்ச்சனம் என்னை இங்கிலாந்து றொபின்சன் ஆக்கிப்போட்டுது. நானும் மறுக்கேல்லை. கேக்க நல்லாத்தானே இருந்தது.

ஓம், முழங்கால் போனாப்பிறகு மனேஜர். ஆறு வருசம். பிறகுதான் றேடியோ. ஆட்டத்தைப் பாத்துப்போட்டு ஆர் எங்கை பிழைவிட்டவன், ஆருக்கு மூளையில்லை எண்டு கதைக்கிறது. மற்றவையின்ரை பிழையைச் சொல்லுறது சுகம், தங்கச்சி.

ஆர், எங்கடை கோல் கீப்பர் ரேமண்டோ? அவனையும் கேட்டனீங்களோ? என்னைப்பற்றி என்ன சொன்னவன்?

தங்கமான மனேஜரெண்டோ. ம்.

சார்செல்லிலை நடந்த பைனல் உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அப்ப சின்னப்பிள்ளை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னம் ஒருத்தன்ரை முழங்கால் ரேமண்டின்ரை முகத்திலை பட்டுது. பிறகும் நிண்டு விளையாடினவன். கப் எங்களுக்கு. நாலு நாளாலை அவனுக்கு வலக்கண் முழுக்க இருட்டு. உடனை வந்திருந்தால் காப்பாத்தியிருக்கலாமெண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னவையாம். ஒபர்வில்லியேயிலை லொறி ஓடினவன். இப்ப றெஸ்ரோறன்ரிலை கோப்பை கழுவுறான்.

அவன்ரை மனிசி இம்மாகுலேற் வந்து என்னட்டைக் கேட்டவ, அவர் உங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லையோ அண்ணை எண்டு. இல்லையெண்டனான். றேடியோவிலையும் சொன்னனான், ரேமண்ட் மாதிரிக் காயத்தை மறைச்சு விளையாடக்கூடாதெண்டு. அவன் கேட்டிருப்பான். இண்டைவரை என்னட்டை ஏனெண்டு கேக்கேல்லை. றோட்டிலை கண்டால், என்ன அண்ணை சுகமோ எண்டு நிக்கிறான். நான் ரெயினுக்கு நேரமாச்செண்டு ஓடுறன்.

வேண்டாம், போனை நிப்பாட்டாதேங்கோ. பதியட்டும்.

அவன் மறைக்கேல்லை. இடைவேளையிலையே சொன்னவன். அண்ணை, ஒரு பக்கம் கறுப்புத் துணி தொங்குற மாதிரிக் கிடக்குது எண்டு. நான் முகத்திலை தண்ணியை ஊத்திப்போட்டு, போய் நில்லடா எண்டனான். பிறகும் ஒருக்கா, அவங்கள் கோணர் கிக் அடிக்கப் போகேக்கை, என்னைப் பாத்துக் கையைக் காட்டினவன்.

நான் மற்றப்பக்கம் திரும்பி நிண்டனான்.