மணிக்கட்டா, பிஸ்டலா

— அதையும் உள்ள வெச்சிடுங்க மெக்கானிக். கையில எடுத்தா பொம்மை மாதிரி இருக்கு.

— ஐயா, கடை திறந்ததுலேர்ந்து இது நாலாவது. ஒண்ணு கனம்னீங்க. ஒண்ணு லேசுன்னீங்க. ஒண்ணோட நிறம் பிடிக்கலன்னீங்க. நீங்க தேடறது பிஸ்டலா, மாப்பிள்ளையா?

— மாமா, சுடப்போறது நான். ஒரு தடவை என் கையில குடுக்கச் சொல்லுங்களேன்.

— குடுப்பாரும்மா. முதல்ல நான் பாக்கறேன். நம்ம வீட்டுக்கு ஒண்ணு வருதுன்னா அது கண்டதா இருக்கக்கூடாது.

— வீட்டுக்கு எங்க வருது? சனிக்கிழமை காலையில நேரா சுடற ரேஞ்சுக்குப் போகுது. இன்னிக்கு புதன்.

— கிழமை எனக்கும் தெரியும்.

— பொறுங்க, பொறுங்க. சனிக்கிழமை என்ன தங்கச்சி? செலக்‌ஷன் போன வாரமே முடிஞ்சு போச்சே.

— முடிஞ்சுது அண்ணா. மாமா குடுத்த பழைய பிஸ்டலோடதான் போனேன். அஞ்சு தோட்டா சுடணும், மூணாவதுல நின்னுடுச்சு. கையைத் தூக்கிக் காட்டினேன், மறுபடி சுட விட்டாங்க. மறுபடியும் நின்னுது. மூணாவது தடவை நின்னப்போ பக்கத்துல சுட்டவங்களே திரும்பிப் பாத்தாங்க.

— அப்புறம்?

— கமிட்டி ஒரு வழி சொல்லியிருக்காங்க. பழுது பிஸ்டல்லதான்னு உங்களை மாதிரி ஒரு மெக்கானிக் எழுதிக் குடுத்தா, சனிக்கிழமை வேற பிஸ்டலோட சுடலாம். தப்பு சுடறவ மேலன்னா அடுத்த வருஷம்தான்.

— அப்ப கடுதாசியும் வேணும், பிஸ்டலும் வேணும்.

— ரெண்டும் இன்னிக்கே வேணும். கையில பழக ரெண்டு நாளாவது வேண்டாமா?

— நான் அன்னிக்கே சொல்லிட்டேன் மெக்கானிக். பழுது பிஸ்டல்ல இல்ல, மணிக்கட்டுல. சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தா மேல்பக்கம் நகர்ற ஸ்லைடு முழுசா பின்னால போகாது. காலித் தோட்டா வெளிய விழாம மாட்டிக்கும். பதினோரு வருஷம் நான் சுட்டிருக்கேன். ஒரு நாள் நின்னதில்ல.

— இதையேதான் சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஃபோன் போட்டுச் சொன்னாரு அண்ணா. நாத்தனார் நேத்து மணிக்கட்டுக்குத் தைலம் அனுப்பியிருக்காங்க.

— அக்கறையில அனுப்பியிருக்கா.

— ரெண்டு பாட்டில் மாமா.

— சரி சரி, பழசைக் கொண்டு வந்திருக்கீங்கல்ல? குடுங்க, பின்னால போய் சுட்டுப் பாக்கறேன். அதுவரைக்கும் இந்த அஞ்சாவதைப் பாருங்க. தங்கச்சி, நீ எடு. ஐயா, நீங்க கையைக் கட்டிக்கிட்டுப் பாருங்க, போதும்.

— இது நல்லா உக்காருது அண்ணா. பிடி என் கைக்கே செதுக்கின மாதிரி இருக்கு.

— மரப்பிடி, அளவு மாத்திக்கலாம். டிரிகரை இழுக்க சரியா ஒரு கிலோ பலம் போதும். ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இது தோட்டா விஷயத்துல கொஞ்சம் வீம்பு. பிடிச்ச ரகம் போட்டா நாள் பூரா ஓடும். பிடிக்கலன்னா பத்துக்கு ஒண்ணு துப்பும்.

— அப்ப வேணாம். வேற எது எதைப் போட்டாலும் ஓடும்?

— ஐயா பொம்மைன்னு சொன்னாரே, அதுதான். பாக்க அழகில்ல. ஆனா எந்தத் தோட்டா குடுத்தாலும் மூஞ்சி சுளிக்காது. பிரிச்சுத் துடைக்க ரெண்டு நிமிஷம். தோட்டா அடுக்கற மேகசினோட வாய் கெட்டியா இருக்கும், சீக்கிரம் வளையாது. நாலு வருஷமா விக்கறேன், ஒண்ணுகூடத் திரும்பி வரல.

— விலை கம்மியா இருந்தா அப்படித்தான் சொல்லுவீங்க.

— விலை கம்மின்னா எனக்கு லாபமும் கம்மி ஐயா. அதனாலதான் உண்மையைச் சொல்றேன். இருங்க, பழசைப் பாத்துட்டு வரேன்.

— மாமா, அவர் உள்ள போயிட்டாரு. இப்பவாவது சொல்லுங்க. உங்களுக்கு நான் சனிக்கிழமை சுடணுமா, வேண்டாமா?

— என்ன கேள்வி இது?

— ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒரு குறை கண்டுபிடிக்கறீங்களே, அதனாலதான் கேக்கறேன்.

— அந்தப் பிஸ்டலை எதுக்கு மாத்தணும்னுதான் எனக்குப் புரியல. என் பையன் அதைத் தொடக்கூட மாட்டேன்னான். நீ வந்து கேட்டே. கல்யாணமாகி வந்து மூணு மாசத்துல கேட்டே. எவ்வளவு பெருமையா எடுத்துக் குடுத்தேன்.

— குடுத்தீங்க. நானும் பெருமையாத்தான் வாங்கினேன். ஆனா அது என்கிட்ட இருக்கறது வாரத்துக்கு ரெண்டு நாள் மாமா. போகும்போது உங்ககிட்ட வாங்கிக்கறேன், வந்ததும் உங்ககிட்ட குடுத்துடறேன். பரிசுக்கோப்பைக்குக்கூட இவ்வளவு காவல் இருக்காது.

— பத்திரமா இருக்கணுமேன்னுதான். நம்ம குடும்பத்துப் பேரு ரேஞ்ச் சுவத்துல இருக்கு. நீ சுடும்போது அது நின்னா, என்னைத்தான் கேக்கறாங்க.

— அதுக்காக என் மணிக்கட்டைக் காட்டிக் குடுத்துட்டீங்க.

— காட்டிக் குடுக்கல. கண்ணால பாத்ததைச் சொன்னேன்.

— அன்னிக்கு நீங்க ரேஞ்சுக்கே வரல மாமா.

— வரணும்னு அவசியமில்ல. பிஸ்டலைப் பத்தி எனக்குத் தெரியும்.

— இந்தாங்க, வந்துட்டேன். முப்பது சுட்டேன். ஏழு தடவை நின்னுச்சு. அப்படியே பின்னால இருக்கற மேஜைப் பிடியில இறுக்கிக் கட்டி வெச்சு முப்பது சுட்டேன். அப்பவும் ஆறு தடவை. மேஜைக்கு மணிக்கட்டு கிடையாதுங்க ஐயா.

— அழுக்கு இருக்கும்.

— ஒரு பொட்டு அழுக்கு இல்ல. நகை மாதிரி துடைச்சு வெச்சிருக்கு. பழுது வேற இடத்துல. இந்தப் பூதக்கண்ணாடியைப் பிடி தங்கச்சி. குண்டு போற பேரலோட பின் வாய்ல, மேல் பக்கமா ஓரத்துல பாரு.

— ஒரு சின்னக் குழி. நகத்தால கீறின மாதிரி.

— குழிக்குப் பக்கத்துல உலோகம் பிதுங்கி நிக்குது பாரு, அதுதான் வில்லன். தோட்டா உள்ள போகும்போதும் உரசுது, வெளிய வரும்போதும் பிடிச்சுக்குது.

— எப்படி அண்ணா வந்துது?

— காலியா அடிச்சதால. பெரிய தோட்டாவுக்கு மருந்து நடுவுல இருக்கும், சுடற ஊசி நடுவுல அடிக்கும். இந்தச் சின்னத் தோட்டாவுக்கு மருந்து விளிம்புலதான். ஊசியும் விளிம்புலதான் அடிக்கும். உள்ள தோட்டா இல்லாம டிரிகரை இழுத்தா ஊசி நேரா இரும்புல போய் இடிக்கும். புதுசுல அதுக்குத் தடுப்பு வந்தாச்சு. இந்தப் பழசுல கிடையாது. ஒரு தடவை ரெண்டு தடவைன்னா ஒண்ணும் ஆகாது. இது ஆயிரக்கணக்குல.

— ஆயிரக்கணக்குலயா?

— தினமும் நாப்பது அம்பது அடிச்சிருக்கணும். பேனா மூடி மூடற மாதிரி 'டக்'குனு ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பக்கத்து ரூம்ல இருக்கறவங்ககூட கவனிக்க மாட்டாங்க.

— டக்குன்னா... கொஞ்சம் விட்டு விட்டு வருமா அண்ணா?

— ஆமா. ஸ்லைடை இழுப்பாங்க, குறி வெப்பாங்க, டக். மறுபடி இழுப்பாங்க. ஏன், கேட்டிருக்கியா?

— இல்ல. சும்மா கேட்டேன்.

— தங்கச்சி, கோவிச்சுக்காதே. புதுசா சுடறவங்க எல்லாரும் பண்ற தப்புதான் இது. வீட்ல தோட்டா போடாம பழகலாம்னு பண்ணியிருப்பே. யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.

— நான் எதுக்கு...

— பின்ன யாரு? உங்க வீட்டுக்காரர் தொட மாட்டாரு. மிச்சம் ஐயா. இதே தப்புக்காக ஒரு ஆளை ஆறு மாசம் ரேஞ்ச் வாசப்படி ஏற விடல இவரு. 'காலியா அடிக்காதீங்க'ன்னு அங்க பலகை எழுதி மாட்டினதும் இவருதான். இவரா பண்ணுவாரு?

— கண்ணாடியை வாங்கிக்குங்க அண்ணா. பாத்துட்டேன்.

— அது இருக்கட்டும்மா, சொல்லு. நான் கடுதாசி எழுதணும்ல. எப்படி வந்ததுன்னு காரணம் போடாம கமிட்டி வாங்க மாட்டாங்க.

— நான்தான் அண்ணா.

— நீயா.

— ஆமா. வீட்ல பழகினேன். தெரியாம பண்ணிட்டேன்.

— அட கடவுளே. தெரிஞ்சோ தெரியாமயோ, அப்படி எழுதினா தப்பு சுடறவ மேலன்னுதானே ஆகும். சனிக்கிழமை போச்சு. வேற மாதிரி எழுதவும் எனக்குக் கை வராது. என் கையெழுத்தை நம்பித்தான் இந்த ஊரே பிஸ்டல் வாங்குது.

— நடந்ததை எழுதுங்க அண்ணா. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்.

— ஒரு வருஷம்னா சும்மாவா? ரெண்டு வருஷமா விடியக்காலையில எழுந்து ரேஞ்சுக்கு வந்து நின்னதை நான் பாத்திருக்கேன்.

— எழுதுங்கண்ணா. அந்தப் புது பிஸ்டலையும் பெட்டியில வெச்சிடுங்க. இப்ப வேணாம்.

— ஐயா, நீங்க நாலு பிஸ்டலுக்கு நாப்பது குறை சொன்னவரு. மருமகளை ஒரு வார்த்தை திட்டியாவது விடுங்க, அதுக்கு மனசு லேசாகும்.

— எழுதிட்டீங்களா?

— எழுதிட்டிருக்கேன். 'பேரல் விளிம்பில் ஏற்பட்ட சேதத்தால் பிஸ்டல் நின்றது. சேதத்துக்குக் காரணம், போட்டியாளர்...'

— நிறுத்துங்க.

— என்ன ஐயா?

— அந்த வரியை அடிச்சிடுங்க. அவ கேட்ட பிஸ்டலை வெளிய எடுங்க. அந்தப் பொம்மையை. தோட்டா ரெண்டு பெட்டி குடுங்க, இன்னிக்கு சாயங்காலமே பழகட்டும்.

— ஐயா, நான் பொய் எழுத மாட்டேன்னு இப்பதானே சொன்னேன்.

— பொய்யை எழுதிட்டிருந்தீங்க. அதனாலதான் நிறுத்தச் சொன்னேன்.

— மாமா, வேணாம். வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம். ஒரு வருஷம்தானே.

— நீ சும்மா இரும்மா. மருமக பொய்யில நிக்கற கௌரவம் நம்ம குடும்பத்துக்கு எப்பவும் இருந்ததில்ல. அதை நான் தொடங்கி வெக்கறதா இல்ல.

— எனக்கு ஒண்ணும் புரியல ஐயா. நான் இப்ப என்னதான் எழுதறது?

— எழுதுங்க. காலியா அடிச்சது போட்டியாளர் இல்ல, அவங்க மாமனார். தினமும் மத்தியானம், ரூம் கதவைச் சாத்திக்கிட்டு. எதுக்குன்னு கமிட்டி கேக்கும், அதையும் எழுதிடுங்க: கை நடுக்கம் நின்னுச்சான்னு பாக்க.