அக்கரைச் சேதியில் பட்டப்பேர் ஏறின கதை

கடலும் ஆறும் கலக்கிற இடத்துல கோலா சிரேன்னு ஒரு ஊரு, மலாயா தேசத்துல. நம்ம சனங்க சிவகங்கைப் பக்கமிருந்து கப்பலேறிப் போய், காட்டை அழிச்சு பால்மரம் நட்ட காலம். அந்தக் காலத்துல அந்த ஊர்ல மிக்கேலம்மான்னு ஒரு தாய் இருந்தாங்களாம். எங்க வீட்டுக்காரர் வழியில நாலு தலைமுறைக்கு முந்தினவங்க. அவங்க புருசன் இன்னாசிமுத்து, அந்தோணியார் கோவில் வளாகத்துலயே ஒரு சின்ன அச்சுக்கூடம் போட்டு, வாரம் ஒருக்கா 'அக்கரைச் சேதி'ன்னு நாலு பக்கத்துல ஒரு பத்திரிகை நடத்தினாராம். அவர் கண்ணை மூடினதும், "பத்திரிகையும் அவரோட போச்சு"ன்னு ஊரே சொல்லிச்சாம். மிக்கேலம்மா செபமாலையைக் கழுத்துல போட்டுக்கிட்டு, அடுத்த வாரமே உக்காந்து ஈய எழுத்தைக் கோர்த்தாங்களாம். அப்படித்தான் சொல்லுவாங்க.

ஆத்துக்கு மேல மேட்டுத் தோட்டம்னு ஒரு புதுத் தோட்டம். அங்க போனவங்களைக் குளிர்காய்ச்சல் தின்னுச்சாம். காலையில பேர் கூப்பிடுற பிரட்டுக்கு நின்னவன் சாயங்காலம் பாயில. பாயில படுத்தவன் மறுபடி எந்திரிக்கல. மிக்கேலம்மா அதைப் பத்திரிகையில போட்டாங்க. ஒரு வாரம் போட்டாங்க. மறு வாரமும் போட்டாங்க. மூணாவது வாரம் அரசாங்கத்து ஆள் வந்து நின்னான். "தோட்டத்துக் காய்ச்சலைப் பத்தியோ, சாவைப் பத்தியோ ஒரு வரி வந்தாலும் அச்சுக்கூடத்தைப் பூட்டி முத்திரை வச்சிருவோம். இனிமே தோட்டத்துல கணக்கெழுதுற கிராணி பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் பத்திரிகை வெளியே போகணும்"னு சொல்லிட்டுப் போயிட்டான்.

அந்த நேரம் பார்த்து ஊர்லருந்து வந்த ஒரு ஆளு சொன்னாராம், "மிக்கேலு, உன் தம்பி சந்தியாகு கப்பலேறிட்டான். பொண்டாட்டி, கைப்பிள்ளையோட வர்றான். சேதுக் கங்காணி ஆள் சேர்த்துக் கூட்டியாறாரு. எல்லாரும் மேட்டுத் தோட்டத்துக்குத்தான்."

கேட்டதும் அந்தத் தாய் கோர்த்துக்கிட்டிருந்த எழுத்தை அப்படியே வச்சுட்டு எந்திரிச்சாங்களாம்.

கப்பல் வந்துச்சு. வந்தவங்களை ஆத்துமுகத்துத் தீவுல, முகாம்ல அடைச்சு வச்சுட்டாங்க. திங்கக்கிழமை படகு வரும், தோட்டத்துக்கு ஏத்திட்டுப் போயிரும். அதுக்குள்ள வெளியாள் யாரும் உள்ள போக முடியாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு பிரெஞ்சு சாமியார் மட்டும் போகலாம். அவரும் செபம் சொல்லலாம், பத்திரிகை கொடுக்கலாம். வேற ஒரு வார்த்தை பேசக்கூடாது. பக்கத்துலயே கங்காணி நிப்பாரு.

மிக்கேலம்மா பீடத்துக்கு முன்னால முழங்கால்ல நின்னாங்க. "அந்தோணியாரே, காணாமப் போனதையெல்லாம் கண்டெடுத்துக் குடுப்பீரே, காணாமப் போகப் போறவனுக்கு ஒரு வழி காட்டும்"னு அழுதாங்களாம். கண்ணைத் தொடச்சுட்டு எந்திரிச்சு வந்து, பத்திரிகையோட கடைசிப் பக்கத்தை எடுத்தாங்க. அதுல எப்பவும் பூசைக் கருத்து வரும். அடுத்த வாரம் யார் யாருக்காகப் பூசைன்னு போடுற பத்தி. அதை முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்தாங்க. 'இளைப்பாற்றிப் பூசை இவர்களுக்காக'ன்னு மேல ஒரு வரி. கீழ பேரு. பேருக்குப் பக்கத்துல ஊரு. மேட்டுத் தோட்டத்துல செத்தவங்க அத்தனை பேரும், மூணு பக்கம் நிறைய.

சனிக்கிழமை காலையில கிராணி வந்தாரு. பேரு ஞானாதிக்கம். நாகப்பட்டினத்துக்காரர். கழுத்துல மாதா படம் வச்ச உத்தரியக் கயிறு, கையில சிவப்புப் பென்சில். மாதிரித் தாளைப் பார்த்ததும் முகம் வெளுத்துப் போச்சு.

"என்னம்மா இது?"

"பூசைக் கருத்து, ஐயா."

"முனியன், வீரன், காதர்... இவுங்களுக்கெல்லாம் எப்பம்மா ஞானஸ்நானம் கொடுத்தீங்க?"

"சாமியார் வேண்டாம்னு சொல்லலையே, ஐயா. அவுகளுக்கு ஆத்துமா இல்லேன்னு நீங்க சொல்றீகளா?"

கிராணி கதவைச் சாத்தினாரு. குரலைத் தாழ்த்திக்கிட்டாரு. "இந்தாம்மா, உன் தம்பி வந்திருக்கிறது எனக்குத் தெரியும். இந்தப் பத்தியை எடுத்துடு. அவனையும் அவன் குடும்பத்தையும் நான் தொரைகிட்டச் சொல்லி பட்டணத்துலயே வச்சுடுறேன். ஒரு காய்ச்சலும் அண்டாது. மாதா மேல சத்தியம்."

மிக்கேலம்மா அந்தக் கைப்பிள்ளையை அதுவரைக்கும் பார்த்ததுகூட இல்ல. ஆணா பொண்ணான்னும் தெரியாது. சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நாளைக்கே மடியில கிடக்கும்.

"மத்தவுக?"ன்னு கேட்டாங்களாம்.

கிராணி பென்சிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"கப்பல்ல வந்த மத்தவுக, ஐயா?"

கிராணி முகத்தைத் திருப்பிக்கிட்டாரு.

மிக்கேலம்மா மாதிரித் தாளை அவர் முன்னால விரிச்சு வச்சாங்க. "இதுல எந்த ஆத்துமா வேண்டாமோ, அதை நீங்களே அடிச்சிருங்க. நான் அடிக்க மாட்டேன். நாளைக்கு மேல போய் அவுக முன்னால நிக்கும்போது, யாரு அடிச்சதுன்னு அவுகளுக்குத் தெரியணும்."

கிராணி பென்சிலை எடுத்தாரு. முதல் பேரு மேல வச்சாரு. எடுத்தாரு. மறுபடி வச்சாரு. பென்சில் முனை ஒடிஞ்சு தாள்ல விழுந்துச்சாம். பேனாக்கத்தியை எடுத்துச் சீவினாரு. சீவிட்டு, பேரை விட்டுட்டாரு. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல இருந்த ஊரை மட்டும் அடிச்சாரு. எல்லா ஊரையும் அடிச்சாரு.

"பேரு இருக்கட்டும். ஊரு கூடாது. தம்பியைப் பத்தி நான் எதுவும் சொன்னதா நினைக்காதே." கையெழுத்தைப் போட்டுட்டு, திரும்பிப் பார்க்காம போயிட்டாரு.

இப்ப என்ன செய்ய? முனியன்னு போட்டா எந்த முனியன்? நம்ம சீமையில தெருவுக்கு நாலு முனியன். சவரின்னா எந்தச் சவரி? ஊரு இல்லாத பேரை யாரு தன் ஆளுன்னு கண்டுக்குவா? வாசிப்பாங்க, மடிச்சு வைப்பாங்க, திங்கக்கிழமை படகுல ஏறிருவாங்க. அந்தத் தாய் தலையில கை வச்சு உக்காந்துட்டாங்களாம்.

அன்னிக்குச் சாயங்காலம் கோவில்ல சாமியார்கிட்டப் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேக்குற பாவசங்கீர்த்தனம். மேட்டுத் தோட்டத்துலருந்து தப்பிப் பிழைச்ச சனங்க வந்து வரிசையில நின்னாங்க. ஒருத்திகிட்ட மிக்கேலம்மா கேட்டாங்க, "ஆத்தா, உன் வீட்டுக்காரரு எந்த சவரி? எப்படிச் சொன்னா நம்ம ஊர்ல தெரியும்?"

புருசன் பேரைச் சொல்ற வழக்கமில்லாத பொண்ணு. முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. "அவுகளை எல்லாரும்... கோவில் வாசல்ல அதைச் சொல்றதா, அக்கா?"

"சொல்லு தாயி."

"ஏணின்னு கூப்பிடுவாக. நெட்டையா இருப்பாகள்ல."

சொல்லிட்டுச் சிரிச்சாளாம். சிரிச்சுக்கிட்டே அழுதாளாம்.

பின்னால நின்ன கிழவர் சொன்னாரு, "எம் மகனை ஓட்டப்பல்லும்பாக." இன்னொருத்தி, "எங்க அண்ணன், கொட்டாவி. பள்ளிக்கூடத்துல வாத்தியார் வச்சது." வாசல்ல ஒதுங்கி நின்ன ஒரு துலுக்கவீட்டு அம்மாவும் கிட்ட வந்து, "சீனிச்சட்டின்னு போடுங்கம்மா, எங்க காதரு. இனிப்புன்னா உசுரு"ன்னாங்களாம். பட்டப்பேரு ஊரும் இல்ல, சாவுச் சேதியும் இல்ல. அரசாங்கத்தான் தடுத்த எதுவும் இல்ல. ஆனா கையெழுத்துப் போட்ட தாள்ல அது கிடையாது. சேர்த்தா அச்சுக்கூடம் போயிரும். அதுவும் மிக்கேலம்மாவுக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சேர்த்தாங்க. அப்படித்தான் சொல்லுவாங்க.

ஞாயித்துக்கிழமை சாமியார் பத்திரிகைக் கட்டோட தீவுக்குப் போனாரு. செபம் சொன்னாரு. கட்டைக் கொடுத்தாரு. ஓரமா நின்னுக்கிட்டாரு.

சேதுக் கங்காணிக்குத் தான் படிச்சவர்னு ஒரு பெருமை. "குடுங்க, நானே வாசிச்சுக் காட்டுறேன்"னு வாங்கிக்கிட்டாரு. அவருக்கு கிறிஸ்தவ வேதக்காரங்க வழக்கம் தெரியாது; ஆளைக் கொண்டாந்து விட்டதும் ஊருக்குத் திரும்பிடுறவரு, தோட்டத்துச் சாவும் தெரியாது. பூசைன்னு இருக்கவும், யாரோ காசு கொடுத்து உபயம் நடத்துறாங்கன்னு நினைச்சுட்டாரு.

"பாருங்கப்பா, போன வருசம் நான் கூட்டியாந்த பயலுக! இன்னிக்குப் பூசை நடத்துற அளவுக்கு வந்துட்டானுக! கேளுங்க. ஏணி சவரி!"

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு. "ஏய், நம்ம ஏணியா?"

"ஓட்டப்பல்லு தொம்மை!"

"அடேய், பல்லு கட்டிக்கக் காசு சேர்த்துட்டானா?"

"கொட்டாவி முனியன்! சீனிச்சட்டி காதரு!"

சிரிப்பு தாங்கல. ஒருத்தன் மேல ஒருத்தன் விழுந்து சிரிக்கிறான். கப்பலேறின நாள்லருந்து அவங்க சிரிக்கவே இல்லியாம். ஒரே ஒரு ஆள் மட்டும் சிரிக்கல. பிள்ளையைத் தோள்ல போட்டுக்கிட்டு முன்னால வந்தான். சந்தியாகு.

"கங்காணியாரே, மேல என்ன போட்டிருக்கு? அந்த முதல் வரியை வாசிங்க."

"இளைப்பாற்றிப் பூசை இவர்களுக்காக. அதுக்கென்னடா?"

சந்தியாகு பிள்ளையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டான். "அது உசுரோட இருக்கவுகளுக்கு வைக்க மாட்டாக, கங்காணியாரே. செத்தவுகளுக்குத்தான்."

சிரிப்பு அப்படியே நின்னுச்சு. கங்காணி தாளைப் பார்த்தாரு. சாமியாரைப் பார்த்தாரு. சாமியார் சிலுவை போட்டுக்கிட்டாரு.

கூட்டத்துலருந்து ஒரு பொம்பளை கத்தினா, "இன்னும் வாசிங்க! எங்கண்ணன் இருக்கானா பாருங்க! கருப்பட்டின்னு இருக்கா?"

கங்காணி வாசிக்கல. சந்தியாகு தாளை அவர் கையிலருந்து வாங்கி, எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசிச்சானாம். ஒவ்வொரு பேருக்கும் ஒரு மூலையிலருந்து ஒரு அலறல். மூணு பக்கமும் வாசிச்சு முடிச்சான். கருப்பட்டியும் இருந்துச்சாம்.

திங்கக்கிழமை படகு வந்துச்சு. யாரும் ஏறல. ஆம்பளை, பொம்பளை, பிள்ளைகுட்டி எல்லாரும் மணல்ல உக்காந்துட்டாங்க. தடியைக் காட்டினாங்க, எந்திரிக்கல. சோத்தை நிறுத்தினாங்க, எந்திரிக்கல. ஒருத்தன் ரெண்டு பேருன்னா இழுத்துப் போட்டிருப்பாங்க. ஒரு கப்பல் சனத்தை என்ன பண்ணுவாங்க? கடைசியில அரசாங்கத்துப் பெரிய டாக்டரே தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தாராம். வந்தவங்களை வேற தோட்டங்களுக்குப் பிரிச்சு அனுப்புங்கன்னு எழுதிட்டாராம்.

அச்சுக்கூடத்துக்கு முத்திரை வச்சாங்க. தொரை கிராணியைக் கூப்பிட்டு, "இந்தப் பட்டப்பேரெல்லாம் நீ பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டியா?"ன்னு கேட்டானாம். "ஆமாம், பார்த்தேன்"னு சொல்லிட்டாராம் ஞானாதிக்கம். வேலை போச்சு. ஏன் அப்படிச் சொன்னாருன்னு யாருக்கும் தெரியாது. மிக்கேலம்மாவும் கேட்டதில்லையாம். ஆனா அவருக்காகச் செபமாலை சொல்லாம ஒருநாளும் படுத்ததில்லையாம்.

பூட்டு பல மாசம் தொங்கிச்சு. திறந்து விட்டதும் வந்த முதல் 'அக்கரைச் சேதி'யில, செத்தவங்க பேரையெல்லாம் பட்டப்பேரோட மறுபடி போட்டாங்க, பக்கத்துல ஊரையும் சேர்த்து.

அதுலருந்து கோலா சிரேயில அந்தப் பழக்கம். பூசையில செத்தவங்க பேரை வாசிச்சா பட்டப்பேரு முதல்ல வரும். கல்லறையிலயும் அப்படித்தான் வெட்டியிருப்பாங்க. புதுசா வர்ற சாமியாருங்களுக்கு முதல்ல திடுக்குனு இருக்கும். பத்திரிகை ஆபீஸ்ல சாவு அறிவிப்புக் கொடுக்கப் போனா, இன்னிக்கும் முதல் கேள்வி, "வீட்டுல என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?" அழுத கண்ணோட வந்தவங்க, அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிச்சுருவாங்க. அதுக்கப்புறந்தான் பேரைக் கேட்டு எழுதிக்குவாங்க.