பாக்தாத் டீச்சர்களுக்கு ஒரு தீர்மானம்

"அமெரிக்காக்காரன் குண்டு போட்டு வச்ச ஆட்சி டீச்சர் அது. அங்க சங்கம் நடத்துறவன நான் எப்பிடி நம்புறது?"

திண்டுக்கல்லிலிருந்து வேடசந்தூர் போகும் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த நரைமீசைக்காரர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் கேட்டார். இருவரும் ஒரே ஆசிரியர் சங்கம் என்பது பேச்சில் தெரிந்தது. ஈராக்கில் ஊர்வலம் போனதற்காகச் சிறையில் இருக்கும் ஆசிரியர்களை ஆதரித்து, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த டீச்சர் தீர்மானம் கொண்டுவரப் போகிறார்.

"சம்பளம் கேட்டுத்தான் சார் ரோட்டுக்கு வந்தாங்க."

"வெளிநாட்டுக்காரன் தூண்டிவிடாம அம்புட்டுப் பேரு கூடுவாங்களா? அந்த ஈராக் சண்டையே வேணாம்னு திண்டுக்கல் மணிக்கூண்டுல நின்னு கத்துனவங்க நாம."

"யாருக்காகக் கத்துனோம்? அந்த ஊரு சனத்துக்காகத்தான?"

அவர் வெளியே பார்த்தார்.

"மறியல்ல நம்மளப் பிடிச்சப்பயும் யாரோ தூண்டிவிட்டாங்கன்னுதான் சார் சொன்னாங்க."

"அது பொய்யின்னு எனக்குத் தெரியும். நானே உள்ள இருந்தேன்."

"அவங்களும் உள்ளதான் சார் இருக்காங்க."

தாடிக்கொம்பு வந்ததும் அவர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் கை தூக்குவேன்னு சொல்லல. அந்தச் சங்கத்தாளு வெளிய யாராச்சும் இருந்தா போன்ல பிடிச்சுக் குடுங்க. நாலு கேள்வி கேக்கணும்."

"நம்மளப் பத்தியும் அவங்க நாலு கேப்பாங்க சார்."

"கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.