கண்ணாடியில் கட்டிய கொடி

2015 மார்ச் 31. செவ்வாய். பிற்பகல் மூன்று நாற்பது. ஏமனின் ஏடன் நகரம். கொதிக்கும் வெயில். காற்றில்லை. டயர் எரியும் வாடை.

கார் பறக்கிறது. ஓட்டுவது யாசின், என் தங்கை கணவன். இருவருக்கும் ஊர் கோவளம். இங்கே மீன் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை, அவனுக்குப் போட்டு ஓட்டும் வேலை. துறைமுகத்துக்கு இந்தியக் கப்பல் வருகிறது. அவனோடு வந்து சேர்கிறேன் என்று தங்கையிடம் போனில் சொல்லியிருக்கிறேன்.

மலைப் பக்கம் புகை எழுகிறது. எண்ணுகிறேன். நான்காவது விநாடியில் சத்தம். ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை.

விமானங்கள் அக்கம்பக்கத்து நாடுகளுடையவை. வடக்கிலிருந்து வந்த கிளர்ச்சிப் படையை அடிக்கக் கூட்டணி சேர்ந்து வந்தவை. வீட்டுக்காரர் சாலிம் மொட்டை மாடியில் நின்று அவற்றுக்குக் கையசைத்தார். சகோதரர்கள் வந்துவிட்டார்கள், தெற்கு ஏமன் பழையபடி தனி நாடாகும் என்றார். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தைச் சொல்லி அழுதார். கிளம்பும்போது அந்தப் பழைய நாட்டுக் கொடியைக் கொடுத்தார். எங்கள் ஆட்கள் வழிவிடுவார்கள் என்றார்.

வேண்டாம் என்றேன். யாசின் கேட்கவில்லை. ஊரில் கொடி கட்டாமல் போட்டை இறக்கமாட்டான். எந்தக் குப்பத்துப் போட்டு என்று தூரத்திலேயே தெரிய வேண்டும். இல்லையென்றால் வலைச் சண்டை.

"கொடி இல்லாங்காட்டி நாம யாருன்னு அவனுக்கு எப்டி மச்சான் தெரியும்? நீ கணக்கப் பாரு. வண்டிய நான் பாத்துக்கறேன்."

பக்கக் கண்ணாடியில் கட்டினான்.

துறைமுக வழியில் இருந்த சோதனைச் சாவடி காலைவரை சாலிமின் ஆட்களிடம் இருந்தது. மதியம் வடக்குப் படை பிடித்துவிட்டது. எங்களுக்குத் தெரியாது. மணல் மூட்டைகள் தெரிந்ததும் யாசின் கையை நீட்டிக் கொடியை விரித்துப் பிடித்தான்.

"குனி மச்சான்! குனி!"

பதினோரு குண்டுகள். கார் சுவரில் மோதியது. அவன் கழுத்தை இரு கையாலும் பொத்தினேன். ரத்தம் நிற்கவில்லை. என் இடக்கையில் இரண்டு விரல்கள் போயிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். பாஸ்போர்ட்டைப் பார்த்து என்னை விட்டார்கள். உடலைத் தரவில்லை. கப்பலில் தனியாக ஏறினேன்.

இன்று கோவளம் டீக்கடையில் ஒருவர் போனைப் பார்த்தபடி சொல்கிறார். "முஸ்லிம் நாடுங்கோ அந்தக் காலம் மாதிரி ஒண்ணா சேந்துச்சின்னா எவனும் கிட்ட வர முடியாது பாய்."

"சேந்துதான் வந்தானுங்கோ. நான் கீழ இருந்தேன்" என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

சாலிம் வீட்டின் மேல் அடுத்த மாதம் குண்டு விழுந்தது. அவர் கையசைத்த அதே விமானங்கள். அவர், மனைவி, மூன்று மகன்கள். எங்கள் பக்கம் யாசின், வயது முப்பத்தெட்டு. மொத்தம் ஆறு பேர். இரண்டு விரல்கள். அவனை எங்கே அடக்கினார்கள் என்று தங்கை கேட்கிறாள். ஒரு கபர், இடம் தெரியாது.