சோடா கொடுத்த கை

கோலி சோடாவைச் சிந்தாமல் உடைக்க எனக்கு நன்றாக வரும், டாக்டர். கட்டைவிரலால் கோலியை அழுத்தினால் சத்தம் மட்டும்தான் வெளியே வரும். கஸ்பார் உடைத்தால் அவன் சட்டை, என் சட்டை, பக்கத்தில் நிற்பவன் சட்டை எல்லாம் நனைந்துவிடும்.

அதற்கும் சிரிப்பான். அவன் சிரித்தால் எனக்கும் வந்துவிடும், பூசையில் பிரசங்கத்தின் நடுவில்கூட. ராயபுரத்தில் எங்களைத் தனித்தனியாகப் பார்த்தவர்கள் குறைவு. ஒரே சைக்கிளில் துறைமுகத்துக்குப் போவோம், ஒரே கூட்டத்தில் மூட்டை தூக்குவோம். அப்படிப்பட்டவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது. திரும்ப வருஷக்கணக்கில் ஆகுமாம். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

"இன்னா மாமு, மூஞ்ச தூக்கி வச்சிகினு கீற? வரசொல்ல உனுக்கு ஒரு கூலிங் கிளாஸ் வாங்கியாரேன்."

நானும் சிரித்தேன்.

கடைசி நாள் வேலை முடிந்ததும், குடோனில் அமெரிக்கக் கோதுமை மூட்டைகளின் உச்சியில் ஏறி நின்று ஆடினான். நாங்கள் கீழே தகரத்தைத் தட்டினோம். அன்றைய குஷியை உங்களுக்கு எப்படிச் சொல்வது? தலை கிறுகிறுக்கும்வரை சிரித்தோம். ஒரு மூட்டை சரிந்தது. கஸ்பார் தலைகுப்புற விழுந்தான். அதுவும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

அவன் எழவில்லை. எங்களோடு மூட்டை தூக்கும் அமீருதீன் ஓடிப்போய் சோடா வாங்கிவந்தான். மற்றவர்கள் விலகி எனக்கு வழி விட்டார்கள். எங்கள் கூட்டத்தில் முதலுதவி வகுப்பில் தேறி, சட்டையில் பேட்ஜ் குத்தியிருந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த வகுப்பில் வாத்தியார் தையல் நூல் தீர்ந்த கட்டைகளை ஒரு விளக்குத்திரியில் கோத்துக் காட்டியிருந்தார். கட்டைகள் கழுத்தெலும்பு, திரி தண்டுவடம். கட்டை உடைந்தாலும் திரி நன்றாக இருக்கலாம், ஆனால் தலையைத் தூக்கினால் உடைந்த விளிம்பு திரியை நசுக்கிவிடும், பிறகு கழுத்துக்குக் கீழே எதுவும் அசையாது என்றார். பலகை வரும்வரை தலையை அசையாமல் பிடித்துக்கொள், தண்ணீர்கூடக் கொடுக்காதே என்றார். பரீட்சையில் நான் எழுதியதும் இதைத்தான்.

"கழுத்து வலிக்குது மாமு," என்றான் கஸ்பார். "ஆனா கால் ஆடுது பாரு."

பார்த்தேன். கால் கட்டைவிரலை ஆட்டிக் காட்டினான். அந்த நிலையிலும் சிரிப்பு.

"கப்பல் ஏர்றதுக்குள்ள சரியா பூடும்ல?"

"பூடும்," என்றேன். "சோடா குடி."

உடைத்தேன், ஒரு சொட்டு சிந்தவில்லை. அவன் பிடரியில் கை கொடுத்து, தலையைத் தூக்கி, என் மடியில் சாய்த்தேன். உள்ளங்கையில் லேசாக ஒரு நெறுநெறுப்பு தெரிந்தது. அவன் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் ஆடுவது நின்றிருந்தது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மீதி சோடாவை நானே குடித்தேன்.

தலையைத் தூக்கியது யார் என்று இத்தனை மாதத்தில் நீங்கள்தான் முதலில் கேட்கிறீர்கள். நான்தான். தெரிந்துதான் தூக்கினேன். இதைக் கெடுதல் என்று நினைக்காதீர்கள். கப்பலில் அவனுக்கு யார் இருக்கிறார்கள்? இங்கே குளிப்பாட்டுவது, ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான். "கூடப் பொறந்தவன்கூட இப்டி செய்ய மாட்டான் லூர்து," என்று அவன் அக்கா டோரதி சொல்லிச் சொல்லி அழுகிறார். தினமும் சோடா வாங்கிப் போகிறேன். பழைய கதைகளைச் சொல்லி, வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். எங்களுக்கு இதுபோல நல்ல காலம் இருந்ததே இல்லை.

கஸ்பார்தான் கொஞ்சம் கூச்சப்படுகிறான். அவனால் அசைக்க முடிவது தலையை மட்டும்தான். நான் உள்ளே நுழைந்ததும் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறான். பரவாயில்லை. நான் இரண்டு கைகளாலும் பிடித்து, வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடி, மிக மெதுவாக, என் பக்கம் திருப்பி வைக்கிறேன்.