முப்பதாவது நோயாளி

என் அறையில் இருக்கும் இரண்டு நாற்காலிகளும் ஒரே உயரம். ஆலோசகர் உயரமாக உட்கார்ந்தால் நோயாளிக்குப் பேச்சு வராது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரமே ஒரு கடையில் தேடிப்பிடித்து நானே வாங்கிப் போட்டேன். பதினொரு வருடம் ஆயிற்று. இன்னும் கால் ஆடவில்லை.

நீங்கள் மூன்று பேரும் கேட்ட கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன். அதற்கு முன் என் வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். டாக்டர் அபுதாஹிர் சாருக்கு ஓரளவு தெரியும். ஆஸ்பத்திரி டிரஸ்டிலிருந்து வந்திருக்கும் உங்கள் இருவருக்கும் தெரிய வாய்ப்பில்லை.

புற்றுநோய் என்று டாக்டர் சொன்னதும் அந்த ஆளை என்னிடம் அனுப்புவார்கள். நான் அவர்களிடம் ஒரு தாளைக் கொடுப்பேன். அதில் தெர்மாமீட்டர் படம் இருக்கும். அடியில் பூஜ்யம், உச்சியில் பத்து. இந்த வாரம் மனசு எந்த எண்ணில் இருக்கிறது என்று அவர்களே கோடு போட வேண்டும். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பெண்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். வெயில் ஏறினால் மருந்துக் கலவையைத் தொடக் கூடாது என்று அறிந்தவர்கள். கோடு உச்சிக்குப் போனால் ஆபத்து என்பது பார்த்ததுமே புரிந்துவிடும். அந்தக் கோட்டைக் கீழே கொண்டுவருவதுதான் என் வேலை. வார்டில் எல்லோரும் என்னைப் 'பேசுற மேடம்' என்பார்கள். அழகுமீனா என்று பெயர் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்கு ஆளைத் தெரியாது. ஆஸ்பத்திரியின் ஆண்டு மலரில் என் படம் கேன்டீனுக்கும் ஆம்புலன்சுக்கும் நடுவில் இருக்கும்.

புற்றுநோயாளிகளின் மனநலப் பராமரிப்பில் சிறந்து விளங்குகிறவர்களுக்கு ஒரு தேசிய விருது உண்டு. போன வருடம் விண்ணப்பித்தேன். முப்பது நோயாளிகள், ஆறு மாதம். மார்ச்சில் போட்ட கோடு எங்கே, ஆகஸ்ட் கடைசியில் போட்ட கோடு எங்கே என்று காட்ட வேண்டும். அந்த முப்பது பேரில் ஒருவரின் கதையை விரிவாக எழுதித் தர வேண்டும். எனக்கு ஆசை இருந்தது. அதை மறைக்கவில்லை.

சண்முகத்தாய்தான் அந்த முப்பதாவது ஆள். அவளை அவள் என்றே சொல்கிறேன். என்னை அக்கா என்று கூப்பிட்டவள். முப்பத்தாறு வயது. அச்சங்குளம் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்குக் காகிதம் ஒட்டுகிற வேலை. வீட்டுக்காரர் முனியராஜ் லோடு வண்டி ஓட்டுகிறவர். வெளியூர் போனால் பத்து நாள் திரும்ப மாட்டார். அதனால் அவள் எப்போதும் தனியாகத்தான் வருவாள்.

மார்பில் கட்டி. முதலில் ஊசி மருந்து கொடுத்துச் சுருக்கிவிட்டு, பிறகு அறுவை செய்வது என்று சார் முடிவு செய்தார். மருந்து நன்றாகவே கேட்டது. ஜூன் பதினொன்றாம் தேதி அறுவை என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டை நோயாளியிடம் கொடுப்பது என் பொறுப்பு. ஆளைப் பக்குவப்படுத்திக் கொடுக்க வேண்டும் என்று நானே கேட்டு வாங்கிய பொறுப்பு அது.

சீட்டை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்ததும் கோடு போட்டாள். ஒன்பது.

"யக்கா, அறுக்காம முடியாதா?" என்றாள். "எங்கம்மா கர்ப்பப்பை ஆபரேசனுக்குச் சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனா. துணி போத்தித்தான் வெளிய கொண்டாந்தாக. அறுக்கணும்னு மட்டும் சொல்லிராதீக."

மற்ற இருபத்தொன்பது பேரும் நாலுக்குக் கீழே வந்திருந்தார்கள். மார்பை எடுத்த பெண்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஏழுக்குக் கீழே இறங்க மாட்டார்கள். அது எனக்குத் தெரிந்த மாதிரி இங்கே யாருக்கும் தெரியாது. ஜூனில் அறுத்தால் ஆகஸ்டில் அவள் கோடு எங்கே நிற்கும் என்பதும் தெரியும். ஆனால் அன்று அப்படிக் கணக்குப் போட்டுப் பேசினேன் என்று நினைக்காதீர்கள். அவள் உதடு நடுங்கியது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கட்டி நல்லாச் சுருங்கிருச்சு சண்முகத்தாய். இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. தேவைப்பட்டாத் தேதி வரும். நானே போன் பண்றேன்" என்றேன்.

முதல் வாக்கியம் உண்மை.

அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு அவளே பேனாவை எடுத்து இன்னொரு கோடு போட்டாள். இரண்டு. பதினொரு வருடத்தில் ஒரே அமர்வில் ஒன்பது இரண்டானதை நான் பார்த்ததில்லை.

அன்று மதியம் அவள் ஃபைலில், 'நோயாளி அறுவைக்கு மறுக்கிறார், மூன்று முறை ஆலோசனை வழங்கப்பட்டது' என்று எழுதினேன். சாருக்கு வருத்தம்.

"நான் ஒரு தடவை பேசிப் பார்க்கட்டுமா, அழகுமீனா?"

"இப்பப் பேசினீங்கன்னா ஆஸ்பத்திரிப் பக்கமே வராமப் போயிருவாங்க சார். நான் மெல்லக் கொண்டுவாரேன்."

"உங்களுக்குத்தான் அவங்களைத் தெரியும்" என்றார். அறுவை இல்லையென்றால் மாத்திரையாவது சாப்பிடட்டும் என்று எழுதிக் கொடுத்தார். நான்தான் வாங்கிக் கொடுத்தேன். அவள் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடிக்குப் போய் மாவிளக்கு எடுத்துவிட்டு வந்தாள். உங்க பேருக்கும் ஒரு அர்ச்சனை வச்சேன் யக்கா என்று குங்குமம் கொடுத்தாள். ஆகஸ்ட் கடைசியில் அவள் கோடு போட்டது ஒன்றில். அதை அனுப்பினேன். விரிவாக எழுதித் தந்த கதையும் அவளுடையதுதான்.

அனுப்பியதும் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். இரண்டு மூன்று மாதத் தாமதம், சரிசெய்துகொள்ளலாம் என்று எண்ணினேன். செப்டம்பரில், இறுதிப் பட்டியலில் நம் பெயர் இருக்கிறது, அந்த நோயாளியைப் படம் பிடிக்க ஆள் வருகிறது என்று தகவல் வந்தது. சரி, அது முடியட்டும். அது முடிந்தபோது தீபாவளி சீசன் உச்சத்தில் இருந்தது. அவளே, "இந்த ஒரு சீசன் முழுசா வேலை பாத்துட்டேன்னா போதும் யக்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அக்டோபரில் ஒரு நாள் வந்து கையைத் தூக்கிக் காட்டினாள்.

"கக்கத்துல ஒண்ணு உருளுதாப்ல இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். நெல்லிக்காய் அளவு இருந்தது. எழுந்து பத்தடி நடந்தால் சாரின் அறை. எழுந்திருக்க முடியவில்லை. இன்றைக்குச் சொன்னால் ஜூனில் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனது. தூக்க முடியாத பாரத்தின் மேல் இன்னும் பாரம் ஏற்றுகிறேன் என்று தெரிந்தே ஏற்றினேன்.

"மருந்து உடம்பை விட்டு இறங்கும்போது நெறி கட்டும். பயப்படாத" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரிக்கா" என்று சேலையைச் சரிசெய்துகொண்டு கம்பெனி வேனைப் பிடிக்க ஓடினாள்.

நவம்பரில் சென்னையில் விருது கொடுத்தார்கள். சாரும் வந்திருந்தார். மேடையில் அந்தப் படத்தைப் போட்டார்கள். திரை முழுக்கச் சண்முகத்தாய். தலைக்குப் பூ வைத்திருந்தாள். "முன்னல்லாம் தூக்கமே கிடையாது. அறுக்க வேண்டாம்னு டாக்டரய்யாவே சொல்லிட்டாகன்னு அக்கா சொன்னாக. அன்னையிலருந்து எனக்கு ஒரு பயமும் இல்ல" என்று சிரித்தாள். அரங்கமே கை தட்டியது. பக்கத்து நாற்காலியில் இருந்த சார் மட்டும் தட்டவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"சிலர் தாங்க எடுத்த முடிவை டாக்டர் சொன்னதா நம்பிக்கிடுவாங்க சார். மனசு அப்படித்தான் தன்னைக் காப்பாத்திக்கிடும்" என்றேன். அது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. அதற்குள் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

ஊர் திரும்பியதும் சார் அவளை நேரில் வரவழைத்தார். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலிலும் முதுகெலும்பிலும் பரவியிருந்தது. அன்று முனியராஜும் கூட வந்திருந்தார். சார் ஃபைலைப் பார்த்து, ஜூன் மாதமே அறுவைக்கு மறுத்துவிட்டீர்களே என்றார். அவளுக்கு ஒன்றும் ஓடவில்லை. முனியராஜ் அவளைக் கூட்டிக்கொண்டு நேராக என் அறைக்கு வந்தார்.

"ஏன் புள்ள வேண்டாம்னு சொன்ன? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று காத்திருந்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"நாந்தான் பயத்துல அப்பிடிச் சொல்லிருப்பேன் போல. அக்காகிட்ட அறுக்காதீகன்னு கெஞ்சினேன்ல. அவுக பாவம், என்ன செய்வாக."

நான் மறுக்கவில்லை.

அதன்பிறகு அவளை வாட்டியது வலியைவிட அந்தக் குற்ற உணர்ச்சிதான். பத்தாவது படிக்கிற மகள் ரோஜாவைத் தன் பயத்தால் அனாதையாக்குகிறோம் என்று புலம்பினாள். கோடு எட்டுக்கு ஏறிவிட்டது. விட்டுவிட முடியுமா? வாரம் இரண்டு நாள் அவளோடு உட்கார்ந்தேன். பயப்படுவது குற்றமில்லை, அன்றைக்குத் தெரிந்ததை வைத்து அன்றைக்கு முடிவெடுத்தாய், உன்னை நீயே மன்னித்துக்கொள் என்று சொல்லிக்கொடுத்தேன். ஆறு வாரத்தில் மூன்றுக்கு வந்தாள். என் வேலையில் அதைவிட நன்றாக நான் எதையும் செய்ததில்லை. அதை விருதுக்காரர்கள்கூடப் பார்க்கவில்லை.

மாசி பிறந்து நாலாம் நாள் போனாள். கடைசிவரை என் கையைப் பிடித்திருந்தாள்.

காரியம் முடிந்தபிறகு முனியராஜ் சாரைப் பார்க்க வந்திருக்கிறார். மனைவியைத் திட்டிவிட்டோமே என்று மனசு கேட்காமல் வந்தவர், பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னாராம். "வேண்டாம்னு சொன்னவ, தேதி வந்தா மேடம் கூப்பிடுவாகன்னு ஆனி ஆடி பூரா போனைக் கையிலயே ஏன் சார் வச்சிருந்தா?" அதைக் கேட்ட பிறகுதான் சார் என் மேசை இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். சீட்டு அங்கேதான் இருந்தது. அதை நான் கிழித்துப் போட்டிருக்கலாம். போடவில்லை.

ஆகவே, சீட்டை மறைத்தீர்களா என்ற உங்கள் கேள்விக்குப் பதில், ஆம். சண்முகத்தாய் அறுவைக்கு மறுக்கவில்லை. அவளுக்கு வந்த தேதியை நான் சொல்லவில்லை. டாக்டர் சொல்லாததைச் சொன்னார் என்றேன். அவள் சொல்லாததைச் சொன்னாள் என்று எழுதினேன். ஜூனிலேயே அறுத்திருந்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது என்று சார் சொல்கிறார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். விருதைத் திருப்பி அனுப்புவதானால் அனுப்புங்கள். போலீசுக்கு எழுதுவதானால் எழுதுங்கள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னால் போட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். முனியராஜ் இப்போது சனிக்கிழமைதோறும் என்னிடம் வருகிறார். அவளைத் திட்டிய வார்த்தையை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டிருந்தவர், இந்த மாதம்தான் வண்டி எடுக்க ஆரம்பித்திருக்கிறார். அவரிடம் நீங்கள் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், தெரிகிறது. ஆனால் சொல்லும்போது அவர் பக்கத்தில் நான் இருக்க வேண்டும். இப்படிப்பட்ட செய்தியை ஒருவரிடம் பக்குவமாகச் சொல்லத் தெரிந்தவர்கள் இந்த ஆஸ்பத்திரியில் வேறு யாருமில்லை.