மேலே நின்ற டிரான்சிஸ்டர்

எல்லா ஆம்பிளிஃபயருக்கும் கேஸ்கோடு தேவையில்லை, சார். ஒரு டிரான்சிஸ்டரின் தலைக்கு மேல் இன்னொன்றை நிறுத்துவதுதான் கேஸ்கோடு. மேலே நிற்பது வோல்டேஜைத் தான் தாங்கிக்கொண்டு, கீழே இருப்பதை நிம்மதியாக வேலை செய்ய விடும். குறைந்த வோல்டேஜ் சப்ளையில் ஓடும் சின்ன செட்டுக்கு அது வீண். சப்ளை அதிகம், கீழே இருப்பதோ பூஞ்சையான டிரான்சிஸ்டர் என்றால் கட்டாயம் வேண்டும்.

பூபதிராஜாவும் நானும் ஒரே பாலிடெக்னிக்கில் படித்து, கொழிஞ்சாம்பாறையில் சேர்ந்து கடை போட்டவர்கள். நான் கேஸ்கோடு இல்லாமல் செய்வேன். அவன் போட்டுத்தான் செய்வான்.

ஒருநாள் என் மனைவி மௌனிகா சாப்பாடு கொண்டுவந்தாள். பூபதியின் புது ஆம்பிளிஃபயரில் வீணை ஓடிக்கொண்டிருந்தது. தூக்குப்போசியைக் கீழே வைக்க மறந்து நின்றாள்.

“வெரலு கம்பில ஒரசறதுகூடக் கேக்குதுங்க, பூபதியண்ணா.”

“கேஸ்கோடுங்க. மேல் சுருதி மங்காது.”

“இவரு செய்யறதுல இப்படிக் கேட்டதே இல்லீங்க.”

எனக்கு அப்போது கோபமெல்லாம் இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அதன் பிறகு ஞாயிறு மதியங்களில் பாட்டுக் கேட்க வர ஆரம்பித்தாள். கடைக்குப் பின்னால் பூபதி அதற்கென்றே ஓர் அறை கட்டியிருந்தான். சுவரெல்லாம் ஃபோம், கனத்த கதவு. ஒருமுறை கதவிடுக்கில் பார்த்தேன். ஆளுக்கொரு நாற்காலியில், தள்ளித் தள்ளித்தான் இருந்தார்கள். அவள் கண்ணை மூடியிருந்தாள். அந்த முகத்தை என் வீட்டில் நான் கண்டதில்லை. அவன் அவளைத் தொட்டிருந்தால்கூட எனக்கு விளங்கியிருக்கும்.

போன சனிக்கிழமை அவன் பாலக்காடு போயிருந்தபோது அந்த ஆம்பிளிஃபயரைத் திறந்தேன். மேலே நின்ற டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, அந்த இடத்தில் வெறும் கம்பி வைத்தேன். கோளாறு வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் பாதுகாப்பையும் எடுத்துவிட்டேன். கேஸ்கோடு இல்லாமல் என்ன ஆகும் என்று அவனுக்குக் காட்ட வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு மதியம் அவர்கள் உள்ளே பாட்டுப் போட்டதும், கீழே இருந்த டிரான்சிஸ்டர் தாங்கவில்லை. சப்ளை கரண்ட் அப்படியே ஸ்பீக்கருக்குள் போனது. ஸ்பீக்கரின் கம்பிச்சுருள் பழுத்துச் சிவந்து, சுவர் ஃபோம் பற்றிக்கொண்டது. உள்ளே தட்டினார்கள். நல்ல அறை அது, சத்தம் தெருவுக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும் கேட்டது.

“ஏனுங்க, கதவத் தொறங்க,” என்றாள். அப்போது என்னைத்தான் கூப்பிட்டாள், பூபதியை இல்லை.

தாழ் போட்டது நான்தான், சார். அதை மறைக்கவில்லை. ஆனால் மௌனிகாவுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றுதான் கடைசிவரை நினைத்தேன். வாசலில் கிடந்த அவள் செருப்பைக்கூட, தாழ் போடுவதற்கு முன்பே, தீ எட்டாத இடத்தில் எடுத்து வைத்துவிட்டேன்.